வயலும் பொதிகையும் இருபது நிமிட வெளிச்சமும்: லேண்ட்ஸ்கேப் படம் எடுக்க ஒரு வழி

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் வயலில் இறங்கி மேற்குத் தொடர்ச்சி மலையைப் படம் எடுக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாயங்காலம்தான் வருகிறார்கள். முதல் தப்பு அதுதான். மலை மேற்கே இருக்கிறது, சூரியனும் அந்தப் பக்கம்தான் இறங்குகிறது, அப்புறம் மலையின் நம் பக்க முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து வரும்? வானத்தின் வெளிச்சத்துக்குச் சரிபார்த்து எடுத்தால் மலை கறுப்புச் சுவர், மலைக்குச் சரிபார்த்து எடுத்தால் வானம் வெள்ளைத் தாள். நானும் இரண்டு வருஷம் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவில்தான் கோளாறு என்று நினைத்து லென்ஸ் வேறு வாங்கினேன், அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்த ஏமாற்றம் மணி. போன் காட்டும் உதய, அஸ்தமன நேரம் தட்டையான அடிவானத்துக்குப் போட்ட கணக்கு. திருச்செந்தூர் கடற்கரையில் உதயத்துக்கு அது சரியாக வரும், மலையடிவாரத்தில் அஸ்தமனத்துக்கு வராது. கையை முன்னால் நேராக நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் படுக்க வைத்துப் பாருங்கள், அந்த அகலம் ஏறக்குறைய 5 டிகிரி. மலை விளிம்பு அடிவானத்துக்கு மேலே மூன்று விரல் உயரம் நின்றால், சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி நகர்கிற கணக்கில், போன் சொல்லும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே மறைந்துவிடும். பாபநாசம் மாதிரி மலைக்கு ஒட்டின இடத்தில் இன்னும் சீக்கிரம். நாம் டீ குடித்துவிட்டு நிதானமாகப் போய்ச் சேரும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற வீடியோக்களில் 'கோல்டன் அவர்' என்று, சூரியன் தாழ்ந்து நின்று பொன்வெளிச்சம் தருகிற ஒரு மணி நேரத்தைச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு கிடையாது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்வாக ஊர்ந்து போகாமல் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்குகிறது. சூரியன் மறைந்த பிறகு வேலை செய்கிற அளவு வெளிச்சம் இருக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜூன் மாத லண்டனில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல், திருநெல்வேலிச் சீமையில் 21, 22 நிமிடம்தான். உதயத்துக்கு முன்னாலும் இதே கதை. அதனால் 'வெளிச்சம் வந்ததும் இடம் பார்க்கலாம்' என்கிற வேலையே நம் ஊரில் ஆகாது. முதல் நாள் சாயங்காலமே போய், எந்த வரப்பில் நிற்பது, எந்தப் பனை எங்கே விழும், கரண்டுக் கம்பி எங்கே குறுக்கே ஓடுகிறது என்று பார்த்து, போனில் நாலு படம் எடுத்து வைத்துவிடுங்கள். சாயங்காலத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, காலைக்கு வருவோம். ஜூலையிலும் நவம்பரிலும் இங்கே உதயம் ஏறத்தாழ 6:10. நீங்கள் 5:30-க்கு வரப்பில் டிரைபாடோடு நிற்க வேண்டும். நின்று, முதுகைச் சூரியனுக்குக் காட்டுங்கள். எல்லாரும் கிழக்கே பார்ப்பார்கள், நீங்கள் மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் உதயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு மலைக்கு மேலே ஒரு சாம்பல் நீலப் பட்டை, அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை தெரியும். கீழே உள்ள சாம்பல் நீலம் பூமியின் நிழலேதான், வளிமண்டலத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. சூரியன் மேலே வர வர அந்த நிழல் மலைக்குப் பின்னால் இறங்கிப் போகும். அது இறங்கி முடிகிற நேரத்தில், வயலில் நமக்கு இன்னும் சூரியன் தெரியாதபோதே, உச்சிப் பாறையில் முதல் வெயில் விழும். பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை 1,868 மீட்டர். அந்த உயரத்துக்கு நாலைந்து நிமிடம் முன்னாலேயே சூரியன் தெரிந்துவிடும். உச்சியில் ஆரஞ்சு, அடிவாரத்தில் நீலம், இரண்டும் ஒரே படத்தில். அந்த நாலைந்து நிமிடத்துக்காகத்தான் நாலரை மணிக்கு அலாரம்.

சங்கப் பாட்டுக்கு இலக்கணம் சொன்னவர்கள் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார்கள், வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு அவர்கள் கொடுத்த சிறுபொழுது வைகறை. ஊடலுக்காகப் போட்ட கணக்குத்தான், படம் எடுக்க இல்லை. ஆனாலும் வயலுக்கு வைகறை என்று சொன்னவர் யாரோ அந்த நேரத்தில் வரப்பில் நின்றிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எந்த மாதம் என்பதற்கு வானிலை ஆப் பார்க்கும் முன் விவசாயியைக் கேளுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு பருவம், கார், பிசானம். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் கார் பருவத்துக்குத் திறப்பார்கள், பிசான நடவு ஐப்பசி, கார்த்திகையில் வரும். தொளி அடித்து (சேறாக உழுது), பரம்பு ஓட்டி (பலகையால் சேற்றைச் சமப்படுத்தி), தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிற வயல் இருக்கிறதே, அதுபோல ஒரு கண்ணாடி வேறெங்கும் கிடைக்காது, மலை தலைகீழாக அப்படியே உள்ளே இறங்கி நிற்கும். ஆனால் ஒரு வயல் அந்த நிலையில் இருப்பது சில நாட்கள்தான். நட்ட பிறகும் கொஞ்ச நாள் நாற்றுகளுக்கு நடுவே வானம் தெரியும், பயிர் தூர் கட்டிப் பரவிவிட்டால் கண்ணாடி மூடிக்கொள்ளும். 'அடுத்த வாரம் வரலாம்' என்று நான் விட்ட வயல்களை எண்ணி முடியாது. உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணாச்சி பழக்கமாக இருந்து, 'நாளைக்குத் தண்ணி கட்டுதோம்' என்று ஒரு போன் பண்ணினால், அது எந்த ஆப்பையும் விடப் பெரிசு.

கார் நடவு சமயத்தில் மலையில் தென்மேற்குப் பருவமழை, உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும், அப்போது மலையை விட மேகத்தைத்தான் எடுப்பீர்கள். பிசானத்தில் வடகிழக்கு மழை. ராத்திரி மழை கொட்டி விடிகாலையில் வெறித்துவிட்டால் காற்றில் தூசியே இருக்காது, மலை பத்து கிலோமீட்டர் முன்னால் நகர்ந்து வந்து நிற்கிற மாதிரி இருக்கும். என்னிடம் இருக்கிற நல்ல படங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட நவம்பர் காலைகளில் எடுத்தவை. சித்திரை, வைகாசியில் வராதீர்கள், புழுதி மங்கலில் மலையே தெரியாது.

இப்போது கேமரா. ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 8 அல்லது எஃப் 11, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) என்ன வருகிறதோ அது, இரண்டு விநாடி டைமர். எஃப் 22 வைத்தால் எல்லாம் கூர்மையாக வரும் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறி, படம் மொத்தமும் லேசாகக் குழையும். ஃபோகஸ் எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 24 எம்எம் லென்ஸ், எஃப் 8 என்றால் சுமார் 2.4 மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள், 1.2 மீட்டரிலிருந்து மலை வரை தெளிவாக இருக்கும். சின்ன சென்சார் கேமராவில் 16 எம்எம், எஃப் 8 என்றால் 1.6 மீட்டர், அதற்கு 80 சென்டிமீட்டரிலிருந்து கிடைக்கும். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும், அதனால் டார்ச்சை அந்தத் தூரத்தில் இருக்கிற ஒரு வரப்பு மேட்டில் அடித்து, ஃபோகஸ் ஆனதும் மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் அந்த வளையத்தைத் தொடாதீர்கள். குளிரில் ஸ்வெட்டர் கை பட்டு வளையம் நகர்ந்து ஒரு காலை முழுக்கப் போன கதை என்னிடம் உண்டு. இப்போது செல்லோடேப் ஒட்டிவிடுகிறேன்.

டிரைபாட் சேற்றில் இறங்கும். அரை விநாடி, ஒரு விநாடி எக்ஸ்போஷரில் அது இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிசாக்கும்போது தெரியும். மூன்று தேங்காய்ச் சிரட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய், கவிழ்த்து வைத்து அதன் மேல் காலை ஊன்றுங்கள். நடுக்கம்பியை மேலே இழுக்காதீர்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது நீங்களும் அசையாதீர்கள், நனைந்த வரப்பு நாம் கால் மாற்றினாலே ஆடும்.

தண்ணீர்க் கண்ணாடி எடுக்கும்போது கேமராவைத் தாழ்த்துங்கள். நின்ற உயரத்தில் எடுத்தால் தண்ணீரில் வெறும் வானம்தான் விழும். முழங்கால் உயரத்துக்குக் கீழே போனால், உழவு மாட்டுக் குளம்படி அளவு தேங்கிய தண்ணீரில்கூட மொத்த மலையும் வந்து உட்கார்ந்துவிடும். அதுவும் காற்று எழுவதற்குள். வெயில் ஏறி எட்டு மணி ஆகிவிட்டால் தண்ணீர் சிலிர்க்க ஆரம்பிக்கும், பிறகு நீங்கள் என்ன லென்ஸ் போட்டாலும் கண்ணாடி கிடையாது.

லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருப்புகிற ஃபில்டரான போலரைசர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். லேண்ட்ஸ்கேப் என்றால் போலரைசர் கட்டாயம் என்று எங்கோ படித்துவிட்டு, வாங்கின புதுசில் கண்ணாடி வயலுக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். வானம் நல்ல நீலமாகத் தெரிகிற இடத்தில் திருப்பி நிறுத்தி முப்பது நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீரில் மலை மங்கிப் போய், அடியில் சேறும் வைக்கோல் துணுக்கும் பளிச்சென்று தெரிகின்றன. தண்ணீரின் மேல் பட்டுத் திரும்புகிற ஒளியை வெட்டுவதுதான் அந்த ஃபில்டரின் வேலையே, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பிரதிபலிப்பு வேண்டுமென்றால் கழற்றுங்கள், இல்லை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். மழை நின்ற பிறகு ஈர இலைகளின் பளபளப்பைக் குறைத்துப் பச்சையைக் காட்ட அது அருமையான சாமான். அகல லென்ஸில் மட்டும் ஜாக்கிரதை, வானத்தின் ஒரு பக்கம் கருநீலமும் இன்னொரு பக்கம் வெளிறியும் வரும்.

உதயத்துக்கு முன் வானத்துக்கும் வயலுக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முடியாது என்று தோன்றினால் சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று மூன்று எடுத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி). திரையில் தெரிகிற படத்தை நம்பாதீர்கள், இருட்டில் அது எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நிற்காமல் இருந்தால் போதும். வொய்ட் பேலன்ஸை (நிறச் சமன்) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த ஆரஞ்சை 'தப்பு' என்று நினைத்துத் திருத்தி வைத்துவிடும், வெயில் குறிக்கு மாற்றிவிடுங்கள். ஜேபெக் அல்ல, ரா என்கிற பதப்படுத்தாத கோப்பாக எடுங்கள், பிறகு எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாரும் முதலில் வாங்குவது அகல லென்ஸ். என்னைக் கேட்டால் மலைக்கு அது கடைசி. 16 எம்எம்மில் பொதிகை ஒரு எறும்புப் புற்று மாதிரி தெரியும், முன்னால் காலடியில் கனமாக ஏதாவது இருந்தால்தான் அந்தப் படம் நிற்கும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ், 70-200 எம்எம் அல்லது ஒரு பழைய 55-250 எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு ஒற்றைப் பனை, அதற்குப் பின்னால் வெளிர் நீல மடிப்பு, அதற்கும் பின்னால் இன்னும் வெளிறிய மடிப்பு என்று மலை அடுக்கடுக்காக வந்து நிற்கும். பனை தலை மலை விளிம்பை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டடி இடது பக்கம் நகர்ந்தாலே விலகிவிடும். டெலியில் நாம் பத்தடி நடப்பதற்குப் பலன் அதிகம். கரண்டுக் கம்பியையும் அப்படியே நடந்து தவிருங்கள், கம்ப்யூட்டரில் அழிக்கலாம் என்று எடுத்த படம் எதையும் நான் இதுவரை அழித்து முடித்ததில்லை.

ஆனி, ஆடியில் வேறு ஆட்டம். மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்து தீர்த்துவிட, இந்தப் பக்கம் வெறும் காற்றும் ஓடுகிற மேகமும்தான் வரும். மேகத்துக்கு நடுவில் விழுகிற வெயில் ஒரு பொட்டு மாதிரி வயல்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அது எங்கே வந்தால் படம் ஆகும் என்று முதலிலேயே முடிவு செய்து, ஃபிரேம் போட்டுவிட்டுக் காத்திருங்கள், பின்னாலேயே துரத்தினால் கிடைக்காது. ஒரு தென்னந்தோப்பு மேல் வெயில் வருவதற்கு நான் ஒன்றே கால் மணி நேரம் நின்றிருக்கிறேன், வந்தது பன்னிரண்டு விநாடி. இந்த மாதங்களில் வெளிச்சத்தைக் குறைக்கிற பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் இருந்தால் 1/30 விநாடி படம் 34 விநாடிக்கு நீளும், மேகம் முழுக்க இழுபட்டுப் பஞ்சுத் திரியாகும். ஆனால் ஆடிக்காற்று டிரைபாடையும் சேர்த்து ஆட்டும், பையைக் கீழே தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி இன்னும் மோசம். பை தரையைத் தொடுகிற மாதிரி கட்டுங்கள். காற்றில் தென்னை மட்டை கலங்கித்தான் வரும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வயல் யாருடையதோ, அதை மறக்காதீர்கள். நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசி வைத்திருப்பார்கள். ஒருநாள் அப்படி ஒரு வரப்பில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தபோது பின்னால் ஒரு பெரியவர் குரல்: "தம்பி, நேத்துதான் பூசினது, ஓரமா மிதிச்சேன்னா சரிஞ்சிரும் பாத்துக்க." எழுந்து, "சரி அண்ணாச்சி, தெரியாம உக்காந்துட்டேன்" என்றதும் அவரே, தண்ணீர் நிறைய நிற்கிற இன்னொரு வயலைக் கைகாட்டி, "அங்க போ, அதுல நல்லா தெரியும்" என்றார். உண்மையிலேயே அதில்தான் நன்றாகத் தெரிந்தது. நாற்றங்காலை மிதிக்கவே கூடாது. நடுகிற அக்காமாரை எடுப்பதென்றால் முதலில் பேசிவிட்டு எடுங்கள், தூரத்திலிருந்து டெலியில் திருடாதீர்கள். இருட்டில் போகும்போது கம்பூட்ஸும் டார்ச்சும் கட்டாயம், வயல் எலிக்காக வருகிற கண்ணாடிவிரியன் வரப்பில் சுருண்டு கிடக்கும். மலைக்கு மேலே மாஞ்சோலைப் பக்கம் போவதென்றால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி வேண்டும், ட்ரோனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

போன் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், மேலே சொன்ன நேரமும் இடமும் அப்படியே போனுக்கும்தான். முதலில் லென்ஸைத் துடையுங்கள், பாதிப் படங்களின் மங்கலுக்குக் காரணம் நம் விரல் எண்ணெய். புரோ மோடில் ஐஎஸ்ஓ 50 அல்லது 100, ஒரு சின்ன ஸ்டாண்டு, டைமர். அல்ட்ரா வைடை விட்டுவிட்டு 2எக்ஸ், 3எக்ஸ் பயன்படுத்துங்கள். தண்ணீர்ப் பரப்புக்குப் பக்கத்தில் வைக்க போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்துவிடும், இந்த ஒரு விஷயத்தில் போன்தான் பெரிய கேமராவை அடிக்கும்.

நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு எச்சரிக்கை. ஏசி அறையில் இரவு முழுக்க இருந்த கேமராவை விடிகாலைக் கடற்கரைக்கு எடுத்துப் போய்ப் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், துடைக்கத் துடைக்கப் படியும். திருச்செந்தூரில் ஒரு உதயத்தை அப்படிக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பையை மூடியபடியே அரைமணி நேரம் முன்னால் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். வீட்டில் லென்ஸைத் தோல் பையிலோ பீரோவிலோ போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அது நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.

எடிட்டிங்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நெற்பயிரின் பச்சையை லைட்ரூம், ஸ்னாப்சீட் எதில் திறந்தாலும் கை தானாக சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) பக்கம் போகும். இளம்பயிரின் பச்சையில் மஞ்சள்தான் அதிகம், அதனால் மொத்தத்தையும் கூட்டினால் வயல் ரேடியம் ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். மஞ்சளைக் கொஞ்சம் குறையுங்கள், அவ்வளவுதான், பச்சை தானாக அடங்கும். முடித்ததும் ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், பெரும்பாலும் நீங்களே பாதியைத் திரும்பக் குறைப்பீர்கள்.

அந்தப் பெரியவர் காட்டின வயலில் எடுத்த படத்தை 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பூமி நிழல் இறங்கி, உச்சியில் வெயில் பட்டு, தண்ணீரில் அத்தனையும் விழுந்து, எனக்கு ரொம்பப் பெருமையான படம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பரம்பு சரியா ஓட்டல பாத்தியா, அந்த மூலையில மேடு தெரியுது" என்றார்.